இரண்டாம் வாய்

அந்தச் சீட்டு ஆறு முட்டைகளோடு வந்தது. சோளச் சருகில் பொதிந்து, வாழைநாரால் கட்டி, ரேடியோ தமரிந்தோவின் வாசலில் தொங்கும் தகரப் பெட்டிக்குள் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எங்கள் ரேடியோவுக்கு முதலாளி கிடையாது, விளம்பரமும் கிடையாது. கேட்கிறவர்கள் கொடுத்தால் ஓடும், கொடுக்காவிட்டால் நிற்கும். ஒருத்தி பீன்ஸ் கொண்டுவருவாள், ஒருவன் ஜெனரேட்டருக்கு ஒரு புட்டி டீசல் கொண்டுவருவான், கையில் ஒன்றுமில்லாதவன் வந்து கூரைக்கு ஓலை மாற்றிவிட்டுப் போவான். பதினெட்டு ஊரும் இப்படிக் கொடுத்துத்தான் பன்னிரண்டு வருஷமாக அது பேசிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை எண்ணெய்ப்பனைக் கம்பெனி, புது டிரான்ஸ்மிட்டரே வாங்கித் தருகிறோம் என்று ஆள் அனுப்பியது. ஊர்க்கூட்டம் வேண்டாம் என்றது. அடுத்த வாரமே சுவரில் பதினொரு தோட்டா. அந்த ஓட்டைகளில் ஒன்றிலேயே ஏரியல் கம்பியை நுழைத்துக்கொண்ட நிக்கானோர், டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்கிறவன், "ஓட்டை போடற கூலி மிச்சம்" என்றான்.

பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை சேதி நேரம். தபாலும் போனும் எட்டிப் பார்க்காத பள்ளத்தாக்கு இது. மாடு தொலைந்தாலும், மகள் ஊருக்கு வந்தாலும், மருந்து தீர்ந்தாலும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால் பிதெலினா பனெகாஸ் படிப்பாள். எழுதியதை எழுதியபடி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. பேட்டரி விற்கிற விலைக்கு அந்த ஒரு மணி நேரம் மட்டும் ரேடியோவைத் திருகிக் கேட்டுவிட்டு மூடிவைக்கிறவர்கள்தான் மலைப்பக்கம் அதிகம்.

மைக்குக்கு எதிர்ச் சுவரில் நீலச் சாயத்தில் ஒரு வரி எழுதியிருக்கும்: பிறப்புக்கும் இறப்புக்கும் இரண்டு வாய். எட்டு வருஷத்துக்கு முன்னால் பொறாமை பிடித்த ஒருவன், தனக்கு ஆகாதவன் செத்துப்போனான் என்று சீட்டு எழுதிப் போட்டான். அதைக் கேட்ட தாய் களைக்கொல்லியைக் குடித்துவிட்டாள். மகன் உயிரோடு வந்து அவளைப் புதைத்தான். அன்றைக்குப் பதினெட்டு ஊரும் கைதூக்கி எடுத்த முடிவு அது. சீட்டு ஒரு வாய். அதே ஊரிலிருந்து நேரில் வந்து, "ஆமா, என் கண்ணால பார்த்தேன்" என்கிற ஆள் இரண்டாம் வாய். இரண்டும் சேராமல் பிள்ளை பிறந்ததையும் சொல்லக்கூடாது, ஆள் செத்ததையும் சொல்லக்கூடாது. ஹோண்டுராஸ் அரசாங்கத்தின் சட்டம் எதுவும் எங்கள் ஆற்றைத் தாண்டி வந்ததில்லை. நாங்கள் மதித்த சட்டம் இந்த ஒரு வரிதான்.

அன்று சனிக்கிழமை. பதினொன்றரை மணிக்குப் பாட்டு ஒன்றை ஓடவிட்டுவிட்டு பிதெலினா அந்தச் சீட்டைப் பிரித்தாள். பிரித்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"மலையில் இருக்கும் அன்செல்மோவுக்கு. உன் மனைவி ரெய்னாவுக்கு நாள் வருமுன்னே வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது. என் கையை மீறிவிட்டது. ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். இரண்டு மணிக்குள் பெத்ரெகால் துறைக்கு வந்தால் உயிரோடு பார்க்கலாம். குவாமல் ஊர் மருத்துவச்சி காசிமிரா." கீழே மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அன்செல்மோ பிதெலினாவின் ஒரே தம்பி. கம்பெனி வேலி போட்டு வளைத்த ஊர் நிலத்தில், வேலியை அறுத்துவிட்டுச் சோளம் விதைக்கச் சொன்னவன். அதற்காகக் கம்பெனியின் காவலாட்கள் ஏழு வாரமாக நாய்களோடு அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவனோடு வேலி அறுத்த இருவரை ஏற்கனவே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவனின் தலை பள்ளிக்கூட வாசலில் கிடந்தது. இன்னொருவனின் உடம்பு இன்னும் கிடைக்கவில்லை. அன்செல்மோ எந்தக் குகையில் படுத்திருக்கிறான் என்று பிதெலினாவுக்கே தெரியாது. அவனிடம் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது, சேதி நேரத்தில் திறப்பான் என்பது மட்டும்தான் தெரியும்.

டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் குந்தியிருந்த நிக்கானோர் சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். நரைத்த ஆள், பேச்சில் அவசரம் கிடையாது. "இதுல பிறப்பும் இருக்கு, இறப்பும் இருக்கு. ரெண்டாவது வாய் யாரு?" என்றான்.

"யாருமில்ல. பெட்டியில கிடந்துச்சு."

"அப்போ குவாமலுக்கு ஆள் அனுப்பறேன். கழுதையில போனா ஒரு மணி நேரம்."

"போயிட்டு வர்றதுக்குள்ள சேதி நேரம் முடிஞ்சிரும்யா! அவன் ரேடியோவை மூடிட்டா நாளைக்குத்தான். நாளைக்குப் பொணத்துக்கா கூப்பிடறது?"

"சட்டம் போட்ட கூட்டத்துல நீயும்தான் கையைத் தூக்கினே, பிதெலினா."

"அது ஊருக்குப் போட்ட சட்டம். இது என் தம்பி பொண்டாட்டி. உங்க வீட்டுல ஒண்ணுன்னா இப்படி சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?"

நிக்கானோர் சீட்டைத் திருப்பி அவளிடமே நீட்டினான். அவன் மனைவி பிரசவத்தில் செத்தவள். அது தெரிந்துதான் பிதெலினா அந்த வார்த்தையை விட்டாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பாசக்காரிக்கு அதுவும் இருப்பதில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் பாட்டைப் பாதியில் வெட்டிவிட்டுப் படித்தாள். முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை எழுதியிராத மூன்று வார்த்தையைத் தானாகவே சேர்த்தாள்: "ஓடி வாடா, தம்பி."

ஒன்றேகால் மணிக்கு ரெய்னா வந்தாள்.

ஏழுமாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, வெறுங்காலோடு, ஓடியும் நடந்தும் வந்திருந்தாள். வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவளைக் கண்டதும் பிதெலினாவுக்குப் பேயறைந்தது போலாயிற்று.

"யாருக்கு வலி, மதினி? யாருக்கு?" என்றாள் ரெய்னா. "நான் மாவு அரைச்சுக்கிட்டிருக்கேன். மூணு பொம்பளைங்க வெந்நியும் துணியுமா வந்து நிக்கறாங்க. 'என்னடி நிக்கறே, படு'ங்கறாங்க. ரேடியோல சொன்னாங்களாம், நீங்கதான் சொன்னீங்களாம். என் ரேடியோவைத்தான் அவருகிட்டக் குடுத்தனுப்பிட்டேனே, எனக்கு எப்படித் தெரியும்? காசிமிரா அத்தை ஊருலயே இல்ல. நேத்தே அக்கரையில ஒரு பிரசவத்துக்குப் போயாச்சு."

பிதெலினா சீட்டை எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் அந்த ரேகை கண்ணில் பட்டது. முழு ரேகை. சுழி சுழியாக, நுனிவரை பதிந்திருந்தது. காசிமிராவின் கட்டைவிரலுக்கு நுனியே கிடையாது. சின்ன வயதில் கரும்பு வெட்டும்போது போனது. அவள் ரேகை எப்போதும் அரைவட்டமாகத்தான் விழும். பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளைகளில் பாதி அந்த அரைவிரலில்தான் வெளியே வந்தது. பிதெலினாவும் அப்படி வந்தவள்தான். பார்க்கவேண்டிய ஒன்றைப் பார்க்காமல், படிக்கக்கூடாத ஒன்றைப் படித்திருந்தாள்.

ரெய்னாவைத் தோளில் அழுத்தி மைக் முன்னால் உட்காரவைத்தாள். "நீ பேசு. அவன் ரேடியோ மூடியிருந்தாலும் வழியில எவன் வீட்டுலயாவது ஓடும். நிறுத்தாதே."

"என்ன பேச?"

"நல்லா இருக்கேன்னு பேசு."

நிக்கானோர் ஜெனரேட்டருக்கு இருந்த டீசல் எல்லாவற்றையும் ஊற்றினான். மூலையில் சாத்தியிருந்த தன் வெட்டுக்கத்தியை எடுத்து பிதெலினாவிடம் நீட்டினான்.

அவள் ஓடினாள். துறைக்கு முக்கால் மணி நேர ஓட்டம். முதல் வீட்டைத் தாண்டும்போதே ஜன்னலிலிருந்து ரெய்னாவின் குரல் வந்தது. "அன்செல்மோ, நான் ரெய்னா. எனக்கு வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மாவு அரைச்சுக்கிட்டிருந்தேன். திரும்பிப் போயிருங்க." அடுத்த வீட்டிலும் அதே குரல். கடையில், கொல்லன் பட்டறையில், துணி காயும் கொடிக்கு அப்பால், எல்லா இடத்திலும் அவளே பேசிக்கொண்டிருந்தாள். "துறைக்குப் பக்கத்துல யாராச்சும் இருந்தா ஓடிப் போய் அவரை மறிங்க. பொய்ச்சீட்டு, கொல்லப் போறாங்க." வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி கையில் பிசைந்த மாவோடு வந்தாள். வெட்டுக்கத்தி இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. பத்துப் பேர் இருபது பேரானார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஊர் முடிந்து கம்பெனிப் பனைகள் தொடங்கின. அங்கே வீடுமில்லை, ரேடியோவுமில்லை. ஒரே மாதிரி வரிசையில் நிற்கும் அந்த மரங்களை பிதெலினா எப்போதும் வெறுத்தாள். அன்றைக்கு அவற்றுக்கு முடிவே இல்லாமலிருந்தது. கால் கிழிந்தது தெரியவில்லை. 'அவன் மெதுவாக நடக்கட்டும், வழியில் தடுக்கி விழட்டும், பாம்பு கடித்தாலும் பரவாயில்லை, வராமலிருக்கட்டும்' என்று கன்னிமரியாளைக் கேட்டுக்கொண்டே ஓடினாள்.

ஆற்றின் சத்தம் கேட்டது. பிறகு ஒரு வெடி. உடனே இரண்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

அன்செல்மோ துறையின் இக்கரைக் கற்களில், பாதி தண்ணீரில் கிடந்தான். வயிற்றில் சுட்டிருந்தார்கள். அது போதாதென்று கழுத்தில் கத்தியால் போட்டிருந்தார்கள். வெட்டு சரியாக விழாமல் தோளைப் பிளந்திருந்தது. தண்ணீர் அவனைச் சுற்றிச் சிவந்து, நாலு அடி தள்ளித் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பில் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டிய ரேடியோ. மூடியிருந்தது. பேட்டரியை மிச்சம்பிடிக்கிற நல்ல பிள்ளை.

பிதெலினா அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண் திறந்திருந்தது.

"ரெய்னா?" என்றான்.

"நல்லா இருக்காடா. வலியே இல்ல. நல்லா இருக்கா."

"அப்பாடா" என்றான் அன்செல்மோ. முகம் தளர்ந்தது. ஏன், எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவன் அவளைத் திட்டியிருப்பான், அவளுக்கு அதுவாவது மிஞ்சியிருக்கும். அந்த நிம்மதியோடேயே அவன் போய்விட்டான்.

"இங்க ஒருத்தன் இருக்கான்! புடிங்க!"

நாணல் புதரிலிருந்து நாலைந்து பேர் ஒரு ஆளை இழுத்து வந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனியின் பச்சைச் சட்டை. தொடைவரை நனைந்திருந்தான். தோளில் துணிப்பை. கையில் குலை அறுக்கிற நீளத் தொரட்டியை வைத்திருந்தான். அவன் வாயைத் திறந்தான். பேசுவதற்குள் யாரோ ஒருவன் கல்லால் அந்த வாயிலேயே அடித்தான். பல்லும் ரத்தமும் கொட்டின. அதன்பிறகு அவன் சொன்னது எதுவும் சொல்லாக இல்லை.

"இவன்தான்! நான் பார்த்தேன்!" என்று மாவுக்கையோடு வந்தவள் கத்தினாள். அவள் எதைப் பார்த்தாளோ. அவளும் எங்களோடு ஓடிவந்தவள்தான்.

கூட்டம் விலகி, பிதெலினாவுக்கு வழிவிட்டது. செத்தவனின் அக்காள் அல்லவா, முதல் வெட்டு அவளுடையது. தம்பியின் தலையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பச்சைச் சட்டையைத் தவிர அவள் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அந்த ஆள் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கினான். முதல் வீச்சில் இடது கை மணிக்கட்டோடு தொங்கியது. இரண்டாம் வீச்சு கழுத்தில் இறங்கியது. கத்தி எலும்பில் மாட்டிக்கொண்டது. காலால் உதைத்துத்தான் அதை உருவினாள். விழுந்தவன்மேல் கற்கள் விழுந்தன. பெண்களும் போட்டார்கள். ஏழு வாரத்து ஆத்திரம், பள்ளிக்கூட வாசலில் கிடந்த தலை, கிடைக்காத உடம்பு, எல்லாவற்றையும் சேர்த்து அந்த ஒரு உடம்பில் போட்டார்கள். இரண்டாவது வாய் எங்கே என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

கைகள் ஓய்ந்தன. அந்த அமைதியில் ரெய்னா பேசினாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் கீழேயிருந்து வந்தது. செத்தவனின் துணிப்பைக்குள்ளிருந்து. யாரோ பையைப் பிரித்தார்கள். சோள ரொட்டி நாலு, ஒரு புட்டி காபி, ஓடிக்கொண்டிருந்த ஒரு ரேடியோ.

"கம்பெனியில வேலை செய்யறவங்களா இருந்தாலும் பரவால்ல. நீங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதானே. பனங்காட்டுல குலை அறுக்கற அண்ணன்மார் யாராச்சும் கேட்டுக்கிட்டிருந்தா, உங்களுக்குத்தான் துறை பக்கம். ஓடுங்க. அவரைத் திரும்பிப் போகச் சொல்லுங்க."

மாவுக்கைக்காரி, "ஐயோ, மாதாவே!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அக்கரையிலிருந்து ஒரு கிழவி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல் கல்லாக மிதித்து ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். மருத்துவச்சி காசிமிரா. கரையேறியவள் இரண்டு பிணங்களையும் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

"அங்க பாறை மேல நின்னு கத்திக்கிட்டே இருந்தேன், எவன் காதுலயாவது விழுந்துச்சா?" என்றாள். "மூணு பேரு. லாரியில வந்தவனுங்க, லாரியிலேயே போயிட்டானுங்க. இந்த ஆளு பனங்காட்டுலேர்ந்து தொரட்டியைத் தூக்கிக்கிட்டு 'வராதே, வராதே'ன்னு ஓடி வந்தான். அன்செல்மோவைச் சுட்டவனுங்க இவனையும் சுட்டானுங்க, படல. நாணலுக்குள்ள விழுந்து பொழைச்சான். நீங்க வந்து..." அவள் முடிக்கவில்லை. குனிந்து, கல்லடியில் மிஞ்சியிருந்த முகத்தைத் திருப்பினாள். "ஓல்வின் முர்சியா. கம்பெனிக் குடியிருப்பு. மூணு பிள்ளை. மூணையும் நான்தான் எடுத்தேன்."

பிறகு கொல்லன் தொண்டையைக் கனைத்தான். ரேடியோவுக்கு மாசம் தவறாமல் கொடுக்கிறவன், கூரை பறந்தபோது முதலில் வந்தவன்.

"நடந்தது நடந்துபோச்சு. கம்பெனிக்காரன்தான் ரெண்டு பேரையும் கொன்னான். அப்படித்தான் சொல்லணும். பிதெலினா, நீ ரேடியோல அப்படியே சொல்லிரு. பொய்யும் இல்ல. அவனுங்க சுடாம இருந்தா இது நடக்குமா?"

"ஆமா, அப்படியே சொல்லிரு" என்றார்கள் நாலு பேர். "நம்ம ரேடியோதானே. நாம குடுத்து ஓடறதுதானே."

பிதெலினா தன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். அது நிக்கானோருடையது. துடைத்துக் கொடுக்கவேண்டும் என்று சம்பந்தமில்லாமல் நினைத்தாள்.

"வாங்க போகலாம், அத்தை" என்றாள் காசிமிராவிடம்.

அவர்கள் திரும்பி நடந்த வழியெல்லாம் ஜன்னல்களில் ரெய்னா பேசிக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. சொல்ல வேறொன்றும் இல்லாமல் வீட்டுச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பன்னி குட்டி போட்டிருக்கு. ஆறு. ஒண்ணு கறுப்பு. நீங்க பார்க்கவேண்டாமா? திரும்பிப் போயிருங்க, அப்புறமா வந்து பாருங்க." பின்னால் கயிற்றுத் தொட்டில்களில் இரண்டு உடம்புகள் வந்தன. முதல் தொட்டிலைத் தூக்க ஆளுக்கு ஆள் முந்தினார்கள். இரண்டாவதைத் தூக்க பிதெலினாவே தோள் கொடுத்தாள்.

நிலையத்துக்குள் நுழைந்தபோது ரெய்னா திரும்பிப் பார்த்தாள். மதினியின் சட்டை, பாவாடை, முழங்கைவரை காய்ந்த ரத்தம். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை வாய்?" என்றாள்.

பிதெலினாவுக்குப் புரிந்தது. "ஒண்ணு" என்றாள். "நான்."

"ஒரு வாய் போதாது." ரெய்னாவின் கண்ணில் தண்ணீர் இல்லை. "காலையில போதும்னு நெனச்சீங்க. எனக்குப் போதாது." கையை எடுத்துவிட்டு மைக்கில் குனிந்தாள். "அன்செல்மோ, கறுப்புக் குட்டிக்கு நீங்கதான் பேரு வைக்கணும்..."

காசிமிரா உள்ளே வந்து அவள் தலைமேல் கை வைத்தாள். "நான் பார்த்தேன், மகளே. என் கண்ணால."

ரெய்னா அந்தக் கையைப் பிடித்து, விரலைத் தடவினாள். நுனியில்லாத கட்டைவிரல். அதற்குப் பிறகுதான் அழுதாள். பதினெட்டு ஊரும் அந்த அழுகையைக் கேட்டது. மைக் திறந்திருந்தது, நிக்கானோருக்கு அதை மூடத் தோன்றவில்லை.

வாசலில் கூட்டம் நெருக்கியது. கொல்லன் ஜன்னலில் முகம் வைத்து நின்றான். "சொன்னபடி சொல்லிரு, பிதெலினா. ஊர் நல்லதுக்கு. உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

பிதெலினா பொய்ச்சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதினாள். எழுத நேரம் பிடித்தது, விரல்கள் ஒட்டிக்கொண்டன. காசிமிரா மையில் விரலைத் தோய்த்துக் கீழே வைத்தாள். அரைவட்டம் விழுந்தது. பிதெலினா மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"சேதி. குவாமல் ஊர் அன்செல்மோ பனெகாஸ் இன்று இரண்டு மணிக்குப் பெத்ரெகால் துறையில் இறந்தார். கொன்றவர்கள் லாரியில் வந்த மூன்று பேர். பொய்ச்சீட்டைப் படித்து அவரை அங்கே வரவழைத்தது இந்த ரேடியோவில் பிதெலினா பனெகாஸ். முதல் வாய் பிதெலினா. இரண்டாம் வாய் காசிமிரா."

ஜன்னலில் கொல்லன் தலையை ஆட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று. அவள் அவனைப் பார்த்துக்கொண்டே படித்தாள்.

"சேதி. கம்பெனிக் குடியிருப்பு ஓல்வின் முர்சியா இன்று இரண்டு மணிக்குப் பெத்ரெகால் துறையில் இறந்தார். இந்த ரேடியோவைக் கேட்டு, ஒரு உயிரைக் காப்பாற்ற ஓடி வந்தார். கல்லால் அடித்தவர்கள் பலர். கத்தியால் வெட்டிக் கொன்றது பிதெலினா பனெகாஸ். விசாரிக்காமல் கொன்றாள். அவருடைய வீட்டுக்காரர்கள் வரும்வரை நிலையத்தில் இருப்பாள். கதவு திறந்திருக்கும். முதல் வாய் பிதெலினா. இரண்டாம் வாய் காசிமிரா."

கொல்லன் காறித் துப்பிவிட்டு ஜன்னலைவிட்டுப் போனான். அவனோடு இன்னும் சிலர் போனார்கள். அடுத்த மாதம் அவர்கள் டீசல் கொடுப்பார்களா என்பது அடுத்த மாதத்துக் கவலை. மேசைமேல் ஆறு முட்டையும் வைத்த இடத்திலேயே இருந்தன. நிக்கானோர் அவற்றைச் சருகோடு எடுத்துக் கொல்லைப்பக்கம் வீசினான்.

பிதெலினா சீட்டை மடித்தாள். ரெய்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒரு தடவைதானே படிச்சீங்க, மதினி. ரெண்டு தடவை படிக்கணும்ல."

"ம்."

"கொஞ்சம் பொறுங்க. அந்தாளு பொண்டாட்டி மில்லுல வேலை. நாலு மணிக்குத்தான் விடும். அவ வீட்டுக்கு வந்து ரேடியோவைத் திறக்கட்டும்."

நாலேகால் வரை நாலு பேரும் காத்திருந்தார்கள். பிறகு நிக்கானோர் தலையசைத்தான். பிதெலினா சீட்டைப் பிரித்து, எழுதியதை எழுதியபடி, இரண்டாம் தடவை படித்தாள்.